முப்பத்து மூன்றாவது கிளிக்

தொழிற்பேட்டையின் கடைசிச் சந்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு வேகத்தடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் காலை ஆறு மணியிலிருந்தே அதன் மேல் கார்கள் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஏறி இறங்கும். எல்லாம் தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் ஊர்ந்து வருகிற கார்கள். நேராக ஏறினால் மாட்டிக்கொள்ளும் என்பதால் நண்டுபோலச் சாய்ந்து ஏறுவார்கள். அப்படியும் அடித்தகடு ‘கறக்’ என்று உரசும். காசு போட்டு வாங்கிய வண்டி உரசினால் மனிதனுக்கு வயிறு எரிய வேண்டும். இவர்களுக்கு எரியாது. ஒரு நொடி கண்ணை மூடிப் புல்லரித்துக்கொள்வார்கள். அந்தச் சத்தத்துக்கு அங்கே ‘ஆசி’ என்று பெயர்.

ஆசி வழங்குபவர் சந்தின் கோடியில் ஒரு பெரிய கொட்டகையில் இருந்தார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கிளிக் குரு என்றால் தெரியும். மெக்கானிக் போடும் சாம்பல் நிற அங்கி அணிந்திருப்பார். அதில் ஒரு பொட்டு கிரீஸ் இருக்காது. மெக்கானிக் உடையில் கிரீஸ் இல்லை என்றால் ஒன்று அவர் இன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது என்றைக்குமே வேலை செய்யாதவராக இருக்க வேண்டும். பக்தர்கள் மூன்றாவதாக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அழுக்கு அவரிடம் ஒட்டாதாம்.

அவர் விற்றது காயில்ஓவர். காரின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே குலுக்கலைத் தாங்க ஒரு ஸ்பிரிங் இருக்கும். அந்த ஸ்பிரிங் ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்காதபடி அடக்க ஒரு ஷாக் அப்சார்பர் இருக்கும். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, வண்டியின் உயரத்தை ஏற்றி இறக்க ஒரு மரையும், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கத் தலையில் ஒரு குமிழும் வைத்தால் அதுதான் காயில்ஓவர். நல்ல சாமான்தான். கத்தியும் நல்ல சாமான்தான். யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

குமிழைத் திருப்பினால் படிக்கு ஒரு ‘கிளிக்’ கேட்கும். மொத்தம் முப்பத்திரண்டு கிளிக். ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு நம்பர் உண்டு என்றும், அது தன் உள்ளங்கைக்கு மட்டுமே தெரியும் என்றும் குரு கண்டறிந்திருந்தார். பானெட்டில் கையை வைப்பார். மட்கார்டில் காதை வைப்பார். “ரோடு வெளிய இல்லப்பா, உள்ள இருக்கு,” என்பார். சுற்றி நிற்பவர்கள் அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்வார்கள். வெளியே இருக்கிற ரோட்டில் உள்ள பள்ளத்தில் விழுந்து எழுந்துதான் அவர்கள் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

நம்பர் சொன்னபிறகு வண்டி, திரை போட்ட மௌன அறைக்குப் போகும். அங்கே பத்து நிமிடம் அது தன் பழைய பாதைகளை மறக்க வேண்டும். குருவின் மைத்துனர் ஒருவரைத் தவிர உள்ளே யாருக்கும் அனுமதி கிடையாது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சத்தம் வரும்.

“வண்டி பெருமூச்சு விடுது,” என்பார் குரு. சில பேருக்குக் கண் கலங்கிவிடும்.

வெளியே வந்த வண்டியை ஓட்டிப் பார்த்தால், பஞ்சு. சத்தியமாகப் பஞ்சு. அதில் ஏமாற்று இருக்க முடியுமா? உட்கார்ந்திருக்கிற இடமே சாட்சி சொல்கிறதே.

சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: ‘உங்கள் குமிழை நீங்கள் தொடக் கூடாது. முப்பத்திரண்டைத் தாண்டித் திருப்பினால் வண்டியின் முதுகு முறியும். உங்கள் முதுகும்.’

முதுகு என்று வந்ததால்தான் பல்செட்டுக்காரனும் அவன் மனைவியும் இந்தக் கதைக்குள் வருகிறார்கள்.

அவன் பல் வைத்தியர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவன். முடியளவு மேடு இருந்தாலும் கடிக்கும்போது குத்தும் என்று தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்கிற கை அவனுக்கு. அவன் மனைவி, அளவு சரிபார்க்கும் கூடத்தில் வேலை செய்பவள். கடைத் தராசிலிருந்து ஆஸ்பத்திரியில் குழந்தை நிறுக்கும் தராசு வரை வரிசையாக வரும். உண்மை பேசுகிறதா என்று பார்த்து, பேசினால் முத்திரை வைப்பாள். பொய் பேசினால் திருப்பி அனுப்புவாள். தெருவில் அவளுக்குத் தராசுக்காரி என்று பெயர்.

மூன்று மாதத்துக்கு முன்பு அவளுக்கு முதுகுத் தண்டில் அறுவை நடந்தது. விலகிய டிஸ்க்கை எடுத்துவிட்டு, “ஆறு மாசத்துக்குக் குலுங்கக் கூடாது. குலுங்கினா மறுபடி கத்தி,” என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். வேலையிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அடுத்த முதல் தேதிக்கு வந்து சேராவிட்டால் அவள் இடத்தில் வேறு ஆள். காரில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். காரோ பழையது. ஷாக் அப்சார்பர் உயிரை விட்டு வெகுநாளாகியிருந்தது. ஒரு சின்னக் கல்லின் மேல் ஏறினாலும் மூன்று முறை துள்ளிவிட்டுத்தான் அடங்கும்.

“அதே மாதிரி புது ஷாக் அப்சார்பர் நாலு வாங்கிப் போடுங்க, போதும்,” என்றாள் தராசுக்காரி.

அவள் தம்பி குறுக்கிட்டான். கைப்பேசி உறை விற்கிறவன். குருவிடம் நம்பர் பதினொன்று வாங்கி, அதை மணிக்கட்டில் பச்சையும் குத்திக்கொண்டவன். “அக்கா, அது எல்லாருக்கும் போடுறது. மாமா, நீங்க குருகிட்ட வாங்க. அவரு கையை வெச்சுப் பாத்தாலே போதும்.”

“டாக்டரும்தான் கையை வெச்சுப் பாத்தாரு. அப்புறம் ஸ்கேனும் எடுத்தாரே,” என்றாள் அக்கா.

“உனக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாதுக்கா.”

“நம்பிக்கை இருந்தா என்னை வேலைக்கே எடுத்திருக்க மாட்டாங்கடா.”

பல்செட்டுக்காரன் கெட்டவன் இல்லை. மனைவி படுக்கையில் புரள முடியாமல் முனகுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாதவன். அப்படிப்பட்டவர்களை நம்பித்தான் உலகத்தில் பாதிக் கடைகள் திறக்கின்றன. அவன் போனான். அவளையும் அழைத்துக்கொண்டு போனான்.

குரு பானெட்டில் கை வைத்தார். “எந்தப் பக்கம் படுப்பே?”

“இடது பக்கம்,” என்றான் பல்செட்டுக்காரன்.

“கோபம் வருமா?”

“வரும். அடக்கிடுவேன்.”

“அடக்குறவனுக்குப் பதினேழு.”

தராசுக்காரி இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். “படுக்குறதும் அடக்குறதும் இவரு. உக்காந்து வரப்போறது நான். என் எடை என்னன்னு கேக்கலியே. எந்த ரோட்டுல போறோம்னும் கேக்கலியே.”

குரு சிரித்தார். “வண்டிக்கு ஓட்டுறவன்தாம்மா உயிரு. பக்கத்துல உக்காருறவங்கல்லாம் சாமான்.”

கூட்டமும் சிரித்தது. அதில் பாதிப் பேர் அம்மாவையோ மனைவியையோ பக்கத்து இருக்கையில் வைத்து அழைத்து வந்தவர்கள்.

காயில்ஓவர் மாட்டினார்கள். பழைய ஸ்பிரிங்குகளைக் கேட்டபோது, “பழைய எலும்பு வீட்டுல இருக்கக் கூடாது,” என்று குருவின் மைத்துனர் உள்ளே எடுத்துப் போய்விட்டார். வண்டி மௌன அறைக்குப் போனது. பெருமூச்சு விட்டது. வெளியே வந்தது. பஞ்சு.

“இப்ப என்ன சொல்ற?” என்றான் புருஷன், போகும் வழியில்.

அவள் நேர்மையானவள். “நல்லாத்தான் இருக்கு,” என்றாள்.

எட்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. ஒன்பதாம் நாள் பஞ்சு, பலகை ஆனது. ஒவ்வொரு பள்ளமும் வாலெலும்பில் சுத்தியால் அடித்ததுபோல ஏறியது. குருவிடம் ஓடினார்கள். “நம்பர் நகர்ந்துடுச்சு. நீ எதையோ புதுசா அடக்கியிருக்கே,” என்று பதினாலு கொடுத்தார். மறுபடி பெருமூச்சு, மறுபடி பஞ்சு, மறுபடி பலகை. அடுத்து ஒன்பது. ஒவ்வொரு நம்பருக்கும் தனியாகக் காணிக்கை. இரண்டாம் முறை பலகையானபோதே அவளுக்கு இடது கால் மரத்துப்போயிருந்தது.

டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார். “இப்படியே இன்னும் ரெண்டு வாரம் வண்டியில போனா, நான் கத்தியை எடுக்க வேண்டியிருக்கும்,” என்றார். முதல் தேதிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

ஒன்பதும் பலகையாவதற்குள் அடுத்த நம்பர் வாங்கிவிடலாம் என்றான் புருஷன். குருவிடம் போவதற்கு முன் பெட்ரோல் போட நின்றார்கள். எப்போதும் பெட்ரோலுடன் காற்றும் பார்ப்பது அவன் வழக்கம். பொறுப்பான மனிதன்.

காற்றுக் குழாயோடு வந்தவர் முன்சக்கரத்தில் மாட்டிவிட்டுச் சலித்துக்கொண்டார். “இருபத்தொண்ணு. ஏங்க, அந்தச் சந்துக்குப் போயிட்டு வர்ற வண்டி எல்லாமே ஏன் இப்படிக் காத்தில்லாம வருது? முப்பத்துநாலு வேணும். இதோட வேகமாப் போனா டயர் வெடிச்சுடும்.”

முப்பத்துநாலு வைத்தார். பெட்ரோல் நிலையத்தின் வாசல் மேட்டில் ஏறி இறங்கியபோது தராசுக்காரிக்கு உயிர் போனது. உள்ளே நுழையும்போது அதே மேடு பஞ்சாக இருந்தது.

“வண்டியைத் திருப்புங்க,” என்றாள்.

“என்ன, வலிக்குதா?”

“வலிக்குது. அதுக்கில்ல. வீட்டுக்குப் போங்க, ஞாயித்துக்கிழமை போய்க்கலாம்.”

அவள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ஒரு தராசு காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொன்னால் தராசோடு சண்டை போடக் கூடாது. நடுவில் யார் தொட்டார்கள் என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரே வழி, முத்திரை.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் நான்கு டயரிலும் காற்றை அளந்தாள். முப்பத்துநாலு. குனிய முடியாதவள் ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து, நான்கு காற்று மூடிகளின் விளிம்பிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு சொட்டு வைத்தாள். மூடியைத் திருகினால் பூச்சு உடையும். புருஷன் அதிசயமாகப் பார்த்தான்.

“வண்டிக்கு எதுக்கு நகப்பூச்சு?”

“பெருமூச்சு விடப் போகுதில்ல, அழகா விடட்டும்.”

அன்றைக்குக் கொட்டகையில் தொண்ணூறு வண்டிகள். பல்செட்டுக்காரனுக்கு ஆறு கிடைத்தது. வண்டி திரைக்குப் பின்னால் போனது. ‘ஸ்ஸ்ஸ்’ கேட்டது. கண்கள் கலங்கின. வண்டி வெளியே வந்தது.

“சாமானுக்கு ஒரு சந்தேகம்,” என்றாள் தராசுக்காரி.

குரு கையை அகல விரித்தார். “கேளும்மா.”

“வீட்டுல கிளம்புறப்போ காத்து முப்பத்துநாலு. மூடி மேல முத்திரை வெச்சுக் கூட்டியாந்தேன். இப்ப நாலு முத்திரையும் உடைஞ்சிருக்கு.” அளவுமானியைப் புருஷனிடம் கொடுத்தாள். “பாத்துச் சொல்லுங்க.”

அவன் குனிந்து பார்த்தான். “இருபத்தொண்ணு,” என்றான். சொல்லிவிட்டு இன்னொரு டயரையும் பார்த்தான். குரல் இறங்கிப்போனது. “இதுவும் இருபத்தொண்ணு.”

ஏமாற்று வெளிப்பட்டுவிட்டது, கதை முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் பக்தர்களோடு பழகியதில்லை போலிருக்கிறது.

குரு கண்ணை மூடித் திறந்தார். “துக்கம்மா. துக்கம் வெளிய போறப்ப வழி தேடும்.”

“டயர் வழியா அழுதிருக்கு,” என்றார் பின்னாலிருந்து ஒருவர், தழுதழுத்த குரலில். பலர் தலையாட்டினார்கள்.

“சரிங்க,” என்றாள் தராசுக்காரி. “அந்தத் துக்கம் மூடியைத் திருகி, காத்தை விட்டு, மறுபடி மூடியும் வெச்சுட்டுப் போயிருக்கு. நல்லா வளர்த்த துக்கம்.”

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

“அக்கா, மானத்தை வாங்காத,” என்றான் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு.

“இருடா, இன்னும் ஒண்ணே ஒண்ணு.” குருவின் பக்கம் திரும்பினாள். “முப்பத்திரண்டு கிளிக்குதான் கடைசி, இல்லீங்களா?”

“கடைசி.”

“அதுக்கு மேல திரும்பாதா, திருப்பக் கூடாதா?”

குரு ஒரு கணம் தாமதித்தார். அவர் தொழிலில் அந்த ஒரு கணம் ரொம்ப நீளம். “திருப்பக் கூடாது.”

“வீட்டுல குழாயை மூடினா ஒரு இடத்துல வந்து நிக்குது. அதுக்கு மேல கை திரும்பாது. இந்தக் குமிழும் அப்படித்தான் இருக்கணும். உள்ள எண்ணெய் போற துளையை ஒரு ஊசி வந்து அடைக்கணும், அடைச்சதும் நிக்கணும். நிக்காம மூடிக்கிட்டே போனா அது குழாய் இல்லீங்க, பொம்மை.” அவள் கூட்டத்தைப் பார்த்தாள். “இத்தனை பேர் இருக்கீங்க. முப்பத்திரண்டுல நிக்குதான்னு யாராச்சும் திருப்பிப் பாத்தீங்களா?”

ஒருவரும் பார்த்ததில்லை. தொண்ணூறு வண்டி, நூற்று எண்பது கை. பலகையில் எழுதியிருக்கிறதே.

அவளால் குனிய முடியாது. புருஷனைப் பார்த்தாள். அவன் பானெட்டைத் திறந்தான். குமிழின் மேல் கையை வைத்தவன் அப்படியே நின்றான்.

“மாமா, வேணாம்,” என்றான் தராசுக்காரியின் தம்பி. “முதுகு போயிடும்.”

பல்செட்டுக்காரன் மனைவியை ஏறிட்டான். இடது காலை ஊன்ற முடியாமல், மட்கார்டைப் பிடித்துக்கொண்டு வலது காலில் நின்றிருந்தாள்.

“போற முதுகு போயிட்டுத்தாண்டா இருக்கு. என் கண்ணு முன்னாலயே போகுது,” என்றான். திருப்ப ஆரம்பித்தான்.

ஆறிலிருந்து ஏழு, எட்டு. இருபது, முப்பது. முப்பத்திரண்டில் முன்வரிசை ஓர் அடி பின்வாங்கியது. ஒருவர் தன் இடுப்பைக் கையால் தாங்கிக்கொண்டார்.

கிளிக்.

முப்பத்து மூன்று. எதுவும் முறியவில்லை. வெளியே ஒரு காக்கை கத்தியது, அதுவும் வேறு விஷயமாக.

முப்பத்துநாலு. நாற்பது. யாரோ சத்தம்போட்டு எண்ணத் தொடங்கினார்கள். அறுபதில் பலர் சேர்ந்துகொண்டார்கள். தொண்ணூற்றில் மொத்தக் கொட்டகையும் எண்ணியது. நூறு வந்ததும் யாரோ கைதட்டினார்கள், பழக்கதோஷம்.

பல்செட்டுக்காரனின் விரல்கள் நின்றன. முடியளவு மேட்டையும் கண்டுபிடிக்கும் விரல்கள் அல்லவா? எத்தனை திருப்பினாலும் கையில் ஒரே மாதிரி இருந்தது. இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. குமிழைப் பிடித்து மேலே இழுத்தான். பல் விழுவதுபோலக் கையோடு வந்துவிட்டது. அதற்குள்ளிருந்து ஒரு குட்டி ஸ்பிரிங்கும் கடுகளவு இரும்புக் குண்டும் உருண்டு தரையில் விழுந்தன. அதுநாள்வரை கிளிக் சொன்னது அந்தக் குண்டுதான். கீழே மொட்டை இரும்பு. துளையும் இல்லை, ஊசியும் இல்லை.

“இதை என் பட்டறையில ஒருத்தன் செஞ்சிருந்தா,” என்றான் மெதுவாக, “அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.”

அப்புறம் கொட்டகையில் கேட்டது ஒரே சத்தம். தொண்ணூறு பானெட் திறந்து, தொண்ணூறு குமிழ் திரும்புகிற சத்தம். மழை விட்டபின் சில்வண்டு கத்துகிற மாதிரி. ஏமாந்ததிலும் போட்டி விடவில்லை. “என்னோடது நானூறு வரைக்கும் போச்சு, உங்களுது?” என்று ஒருவர் பக்கத்து வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி இருநூற்றுப் பதினொன்றில் நின்று, மணிக்கட்டைப் பார்த்தான்.

குருவைத் தேடியபோது குரு இல்லை. பின்வாசலில் அவருடைய சொந்தக் கார் உறுமியது. அந்தக் காரை அதுவரை யாரும் கவனித்ததில்லை. கம்பெனியில் போட்ட ஸ்பிரிங்கோடு, கம்பெனி வைத்த உயரத்தில், கம்பீரமாக நின்றிருந்த கார். வேகத்தடையில் தொட்டில்போல ஏறி இறங்கிப் போய்விட்டது. துரத்திப் போன முதல் பக்தர் அவசரத்தில் நண்டுபோல ஏற மறந்து நேராக ஏறினார். நடுவயிறு வேகத்தடையில் உட்கார, சக்கரங்கள் வீணாகச் சுற்றின. பின்னால் எண்பத்தொன்பது வண்டிகள். குரு கொடுத்த ஆசிகளிலேயே அதுதான் பலித்தது.

மாட்டிக்கொண்டது மைத்துனர் மட்டும். கையில் வால்வு திறக்கும் கருவியோடு நின்றிருந்தார். “என்னை ஏன் அடிக்க வர்றீங்க? நான் காத்தைத்தான் திறந்தேன். வாயைத் திறந்தது அவரு,” என்றார். நியாயமான பேச்சு. பின்னறையைத் திறந்து காட்டினார். எல்லாருடைய பழைய எலும்பும் சாக்பீஸில் விலை எழுதி, அடுத்த கடைக்குப் போகத் தயாராக அடுக்கியிருந்தது. தராசுக்காரியின் நாலு ஸ்பிரிங்கும் அதில் இருந்தன.

மறுநாள் வேறொரு மெக்கானிக் அந்தப் பழைய ஸ்பிரிங்கோடு நாலு புது ஷாக் அப்சார்பரைச் சேர்த்து மாட்டினார். அங்கி முழுக்க கிரீஸ். எத்தனை பேர் போவீர்கள், என்ன எடை, எந்த ரோடு என்று கேட்டார். எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்று கேட்கவில்லை.

“காயில்ஓவர் கெட்டதா?” என்று பல்செட்டுக்காரன் கேட்டான்.

“நல்லதா வாங்கினா நல்லதுதாங்க. தினம் ரோட்டுல ஓடுற வண்டிக்கு ரொம்ப இறக்கக் கூடாது. ஸ்பிரிங் நம்ம எடைக்கு ஏத்ததா இருக்கணும், பள்ளத்துல விழுந்தா உள்ள அமுங்க இடம் வேணும். குமிழ் ரெண்டு பக்கமும் நிக்கணும்,” என்றார் மெக்கானிக். “இதுக்கெல்லாம் குரு வேணாம். ஸ்பேனர் வேணும்.”

முதல் தேதி காலை தராசுக்காரி வேலைக்குக் கிளம்பினாள். முதல் மேட்டில் ஏறி இறங்கியதும் புருஷன் பயந்துகொண்டே கேட்டான், “வலிக்குதா?”

“வலிக்குது. அறுத்த இடம் வலிக்காம இருக்குமா? ஆனா போன வாரத்துக்குப் பாதி. கால் மரக்கல. தினம் வலியை அளந்து நோட்டுல எழுதுறேன், சாயங்காலம் பாருங்க.”

தம்பி மணிக்கட்டில் இருந்த பதினொன்றுக்கு நடுவில் நாலு குறுக்குக்கோடு போட்டு ஏணி ஆக்கிக்கொண்டான். கேட்டால், முன்னேற்றத்தின் சின்னம் என்கிறான்.

கிளிக் குரு இப்போது வேறொரு சந்தில் இருப்பதாகக் கேள்வி. ஸ்டியரிங்கைத் தொட்டு ஓட்டுபவரின் மனசை நேராக்குகிறாராம். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே வரிசை நிற்கிறதாம். அந்த வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு யோசனை. காரின் குமிழ் அப்புறம் இருக்கட்டும். கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதே, யார் எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்புகிறதே, அதை ஒருமுறை உங்கள் சொந்தக் கையால் பிடித்து நிறுத்திப் பாருங்கள். நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.